அயலான் அணியும் ஆடை

சென்ற ஆண்டு பொங்கல் விழாவன்று, பெங்களூரில் நாம் வசிக்கும் குடியிருப்பின் சிறுவர் சிறுமியர் ஒரு நாடகம் போட்டார்கள். வேறொரு கிரகத்திலிருந்து வழி தவறி வந்த ஒருவன் நள்ளிரவில் நமது தெருவில் இறங்குகிறான்; தாகம் தாங்காமல் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கிறான்; அவன் மொழி எவருக்கும் விளங்கவில்லை. இதுதான் கதை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் கூடி எழுதிய கதை அது. ஆகவே தண்ணீர் என்ற ஒன்றை வைத்தே நல்ல வேடிக்கைகளைச் சேர்த்திருந்தார்கள். தமிழர் 'நீர்' என்றால் கன்னடத்தார் 'நீரு' என்று உடனே புரிந்துகொள்கிறார். மலையாளத்தார் 'வெள்ளம்' என்று சொன்னதும், தமிழ்ப் பாட்டி ஊருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதென்று எண்ணிப் பெட்டி படுக்கையைக் கட்டத் தொடங்குகிறாள்.

அந்த வேற்றுக்கிரகத்தானுக்கு உடை செய்யும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. நாம் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளர். தையலோ தச்சோ அறியோம். கலைப் பட்டதாரி என்பதிலுள்ள 'கலை'யைக் குழந்தைகள் சற்று அதிகமாக நம்பிவிட்டார்கள் போலும். சிக்பேட்டையில் வெள்ளி நிறத் துணியும், எஸ். பி. சாலையில் மினுக்கும் சிறு விளக்குகளும் வாங்கினோம். உடலுக்கு ரப்பர் விரிப்பு, தலைக்கு அட்டைப் பெட்டி, அதில் கண்களுக்காக இரண்டு துளைகள். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

நாடகம் தொடங்கிய ஏழாவது நிமிடத்தில், உடைக்குள் இருந்த பதினொரு வயதுப் பையன் தள்ளாடினான், பிறகு மெல்ல உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். அது நடிப்பென்று கருதிச் சபையோர் கைதட்டினார்கள். நாமும் தட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவனுடைய பாட்டி மட்டுமே எழுந்து ஓடிப் பெட்டியைக் கழற்றினார். முகம் சிவந்து, தலைமயிர் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. விசிறியதும் கண் விழித்தான். தண்ணீர் கொடுத்தபின் தெளிந்தான். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பாட்டி, நம்மிடம் சொன்னது ஒன்றே: "தண்ணி கேட்டு வர்ற பிள்ளைக்கு வாய் வைக்கலையே, தம்பி!"

உண்மைதான். கண் வைத்தோம், கொம்பு வைத்தோம், விளக்கு வைத்தோம். மூச்சுக்கும் பேச்சுக்கும் நீருக்கும் வழி வைக்கவில்லை. திரைப்படங்களில் இத்தகைய உடைகளை வடிவமைப்போர் இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்க்கின்றனர் என்று அன்று இரவு தோன்றிய கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பாளருக்கு அது பழக்கதோஷம். வேறு உலகத்து உயிரை 'வேற்றுக்கிரகவாசி' என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். 2024-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த ஒரு தமிழ்ப்படம் அதனை 'அயலான்' என்ற அழகிய சொல்லால் குறித்தது. அயல் என்பதற்கு வேறு, அந்நியம் என்ற பொருளும் உண்டு. பக்கம், அருகு என்ற பொருளும் உண்டு. அயல்நாடு தொலைவில் இருப்பது. அயல்வீடு சுவரை ஒட்டி இருப்பது. எனவே அயலான் என்பவன் அந்நியனும் ஆவான், அண்டைவீட்டானும் ஆவான். ஊரைவிட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இரு பொருளும் அனுபவத்தில் தெரிந்தவை. வேற்றுக்கிரகத்தானுக்கு உடை தைப்பவனுடைய வேலையும் இந்த இரு பொருளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பார்த்தவுடன் 'இவன் நம்மவன் அல்லன்' என்று தோன்ற வேண்டும். பத்து நிமிடம் கழித்து 'இவனும் நம்மைப் போன்றவனே' என்றோ, 'இவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்' என்றோ உள்ளத்தில் ஓர் உணர்ச்சி எழ வேண்டும். துணியும் ரப்பரும் மட்டும் இதனைச் செய்துவிட முடியாது. உள்ளே இருக்கும் மனிதன் செய்ய வேண்டும். அவன் செய்வதற்கு உடை இடம் கொடுக்க வேண்டும்.

நம் தமிழ்த் திரையுலகம் இவ்வேலையில் மிக முன்னதாகவே கை வைத்தது. 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கலை அரசி' என்னும் படத்தை மூத்த நேயர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். ஏ. காசிலிங்கம் இயக்கிய அப்படத்தில் எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்தனர். விஞ்ஞானத்தில் ஓங்கியும் கலையில் வறுமையுற்றும் கிடக்கும் ஒரு கிரகத்தார், தங்களுக்கு இசை கற்பிக்க ஒருவரைத் தேடிப் பூமிக்கு வந்து, வாணி என்னும் பாடகியைக் கொண்டு செல்கின்றனர். அவளைத் தேடிக் காதலன் மோகனும் அவ்வுலகம் போய்ச் சேர்கிறான். பூமிக்கு வரும் அயலானாக நடித்தவர் எம். என். நம்பியார். வேற்றுக்கிரகத்தாரைக் காட்டிய முதல் இந்தியப் படம் என்று இதனைச் சொல்வது வழக்கம். அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதிதான் தும்பாவிலிருந்து நமது நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. நாம் வானத்துக்கு ஒரு குழாயை அனுப்புவதற்கு முன்பே, வானத்திலிருந்து நம்மைத் தேடி ஆட்கள் வந்துவிட்டதாகச் சென்னைப் படப்பிடிப்புத் தளத்தில் கதை நடந்துவிட்டது!

'கலை அரசி'யின் அயலார் மனித முகத்துடனேயே இருக்கின்றனர், தமிழிலேயே பேசுகின்றனர். அவர்களை வேறுபடுத்துவது உடையும் சூழலுமே. இதனை எளிய வழி என்று இகழ்வது முறையன்று. அக்காலத்துப் படத்தில் பாட்டு உண்டு, சண்டை உண்டு, கண்ணசைவால் பேசும் நடிப்பு உண்டு. நம்பியாரின் புருவத்தை ரப்பருக்குள் மறைத்துவிட்டால் பிறகு நம்பியார் எதற்கு? முகத்தை விட்டுவிட்டு உடலை மாற்றுவது ஒரு முறை. 1966-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், லெனார்டு நிமாய் என்ற நடிகருக்குக் காதுகளின் நுனியைக் கூராக்கிப் புருவத்தை மேல்நோக்கி வளைத்ததோடு ஒப்பனைக்காரர் நிறுத்திக்கொண்டார். அந்தக் காது நுனி உலகமெங்கும் புகழ் பெற்றது.

இரண்டாவது முறை, தலைமுதல் கால்வரை வேறு மேனியைப் போர்த்துவது. இதற்கு வழிகாட்டியவர் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் மெலியே. 1902-இல் அவர் எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பிரயாணம்' என்ற குறும்படத்தில் சந்திரவாசிகள் தாவிக் குதித்து வருகிறார்கள். அவர்களுடைய தலை, முழங்கால், பாதம் ஆகியவற்றை மெலியே முதலில் மண்ணில் உருவமாகச் செய்து, அச்செடுத்து, அட்டையாலும் கித்தானாலும் உடைகளை உண்டாக்கினார். உள்ளே நடித்தவர்கள் கழைக்கூத்தாடிகளைப் போன்ற உடற்பயிற்சி வல்லவர்கள். உடை கனத்தாலும் உள்ளே இருப்பவன் பறக்க வேண்டும் என்ற இலக்கணத்தை அன்றே அவர் உணர்ந்திருந்தார். படத்தின் பெருஞ்செலவுக்கு இந்த உடைகளும் ஒரு காரணம் என்பர்.

1951-இல் வந்த 'பூமி அசையாது நின்ற நாள்' என்ற அமெரிக்கப் படத்தில் கார்ட் என்னும் இயந்திர மனிதன் வருகிறான். அவனாக நின்றவர் லாக் மார்ட்டின் என்பவர். ஏழடி ஏழு அங்குல உயரம். ஹாலிவுட்டில் ஒரு திரையரங்கின் வாயிற்காப்பாளராக இருந்தவர். உலோகத்தால் ஆனவன் உடம்பில் தையலோ இணைப்போ தெரியலாமா? ஆகவே நுரை ரப்பரால் இரண்டு உடைகள் செய்தார்கள். ஒன்றுக்கு முன்புறம் திறப்பு; மற்றொன்றுக்கு முதுகில் திறப்பு. முன்னாலிருந்து படம் பிடிக்கும்போது ஒன்று, பின்னாலிருந்து பிடிக்கும்போது மற்றொன்று. எத்தனை எளிய உபாயம்! ஆனால் உயரம் இருந்த அளவுக்கு அவருக்கு உடல் வலிமை இல்லை. கதாநாயகியைத் தூக்கிச் செல்லும் காட்சியில் கம்பிகளைக் கட்டி உதவ வேண்டியிருந்தது. திரையில் உலகையே அழிக்கும் வல்லமை. உடைக்குள்ளே ஓர் எளிய மனிதனின் மூச்சிரைப்பு.

தோல்விகளும் பாடம் சொல்கின்றன. 1955-இல் 'இந்தத் தீவுப் பூமி' என்ற படத்துக்குப் பெரிய மூளையும் நண்டுக்கைகளும் உடைய ஒரு பயங்கர உருவத்தைச் செய்தார்கள். மேலுடம்பு நன்றாக அமைந்தது. கால்கள் சரியாக அமையவில்லை. என்ன செய்வது? அதற்கு ஒரு காற்சட்டையை மாட்டிவிட்டார்கள்! மறு ஆண்டே ஜப்பானில், ஓவியர் தாரோ ஒகமோட்டோ வேறு வழியில் சிந்தித்தார். வேற்றுக்கிரகத்தாருக்குக் கையும் காலும் முகமும் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டு, ஐந்து முனை நட்சத்திர வடிவில், நடுவே ஒரே கண்ணுடன் அவர்களை வரைந்தார். ஆயினும் அந்த நட்சத்திரத்துக்குள்ளும் நிற்கப்போகிறவன் மனிதன்தானே! தலை, இரு கை, இரு கால் என்று கணக்கிட்டால் மனிதனுக்கும் முனைகள் ஐந்தே. கற்பனை எவ்வளவு தூரம் பறந்தாலும் மனித எலும்புக்கூட்டின் அளவுக்குள் வந்துதான் இறங்க வேண்டும்.

இனி, இத்தகைய உடை உருவாகும் முறையைப் படிப்படியாகக் காண்போம். வடிவமைப்பாளன் முதலில் கத்தரியை எடுப்பதில்லை, கேள்விகளை எடுக்கிறான். அயலான் வாழும் உலகம் எப்படிப்பட்டது? அங்கே ஈர்ப்பு விசை மிகுதியானால் கால்கள் குட்டையாகவும் தடித்தும் இருக்கலாம். குறைவானால் உடல் நெடிதாகவும் மெலிந்தும் வளரலாம். ஒளி மங்கலான உலகமானால், நம் ஊர் ஆந்தைக்கும் தேவாங்குக்கும் போலக் கண்கள் பெரிதாக இருக்கலாம். காற்று மெலிந்த உலகமானால் மார்பு அகன்றிருக்கலாம். பார்ப்பவர் இந்தக் காரணங்களை அறியமாட்டார். ஆயினும் காரணத்தோடு அமைந்த உருவத்துக்கும் கண்டபடி கொம்பு ஒட்டிய உருவத்துக்கும் உள்ள வேற்றுமையை அவர் கண் எப்படியோ கண்டுகொள்ளும்.

பிறகு ஓவியம், ஓவியத்துக்குப் பின் களிமண்ணில் சிற்றுருவம். அதன்பின் நடிகனின் உடலைப் பாரிஸ் சாந்தில் அச்செடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து வார்த்த உடலின் மேல் களிமண்ணை அப்பி, அயலானின் தசையையும் சுருக்கங்களையும் செதுக்குவார்கள். அதன்மேல் மறுபடியும் ஓர் அச்சு. இரு அச்சுகளுக்கும் இடையே கிடைக்கும் வெற்றிடம்தான் உடையின் கனம். அந்த இடத்தில் ரப்பர்ப் பாலை வார்ப்பார்கள். குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்திலிருந்து வடிகிறதே, அதே பால்தான். அதனை முட்டை வெண்கருவை அடிப்பதுபோல் நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, சூடேற்றினால் பஞ்சுபோல் மெத்தென்ற மேனி கிடைக்கும். கனம் குறைவு, வளைத்தால் வளையும். துண்டு துண்டாக வார்த்து, மடிப்புகள் விழும் அக்குள், முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் இணைப்பை மறைத்து, வண்ணம் தீட்டுவார்கள். ஒரே வண்ணம் பூசினால் பொம்மையாகிவிடும். மனிதத் தோலில்கூடக் கன்னத்துக்கு ஒரு நிறம், கழுத்துக்கு ஒரு நிறம் உண்டன்றோ?

இங்கேதான் நம் பையனுக்கு நேர்ந்த விபத்தின் காரணம் வெளிப்படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுடைய உடல் ஏறத்தாழ 100 வாட் விளக்கொன்று வெளியிடும் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. ஓடி ஆடினால் அது பன்மடங்காகும். அந்த வெப்பத்தை உடல் போக்கிக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை. வியர்வை வெறுமே வழிந்தால் போதாது. காற்றில் ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் அது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ரப்பருக்குள் வியர்வை பெருகும், ஆவியாகாது. உடல் மேலும் மேலும் சூடேறும். அதோடு மூடிய பெட்டிக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேர்ந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? ஆகவே தேர்ந்த கலைஞர்கள் அயலானின் நாசித்துளை, கழுத்து மடிப்பு, வாயின் நிழல் ஆகிய இடங்களில் காற்று வழிகளை மறைத்து வைக்கிறார்கள். தலைக்குள் சிறு விசிறி பொருத்துகிறார்கள். குளிர்நீர் ஓடும் குழாய்கள் தைத்த உள்சட்டை அணிவிப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை நிமிடத்துக்கு மேல் உடைக்குள் இருத்தலாகாது என்று கடிகாரம் வைத்துக் காவல் இருப்பவர் ஒருவர் உண்டு. அயலானுக்கு வாய் பேச முடியாது. அவனுக்காகப் பேச ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.

இந்த அறிவு நமக்குப் புதிதா என்றால், இல்லை. தொண்டை மண்டலத்துக் கட்டைக்கூத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாக மலைபோல் எழுந்து வரும் துரியோதனன், இரவு முழுவதும் சுழன்றாடுகிறான். அந்த அணிகலன்கள் கலியாண முருங்கை போன்ற மிக இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. கண்ணுக்குக் கனம், தோளுக்குக் கனமில்லை. அந்தக் கட்டைகளாலேயே கூத்துக்கும் அப்பெயர் வந்தது. நாம் குடியேறிய இக்கன்னட நாட்டிலும், மைசூர் தசரா ஊர்வலத்தில் 'காருடி கொம்பெ' என்னும் பேருருவப் பொம்மைகள் ஆடி வருவதைக் காணலாம். மூங்கிற் பிளாச்சுகளால் பின்னிய கூடுக்குள் ஆடுபவன் புகுந்து, தோளில் தாங்கி, இடையில் விட்ட துவாரத்தின் வழியே பாதை பார்த்து ஆடுகிறான். பொம்மையின் கண் வானத்தைப் பார்க்கும். மனிதனின் கண் பொம்மையின் வயிற்றில் இருக்கும். காற்றும் புகும், பார்வையும் உண்டு. நாம் அட்டைப் பெட்டியோடு போராடியபோது இவற்றில் ஒன்றாவது நினைவுக்கு வந்ததா? இல்லையே!

நடிகன் மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்சார் அமெரிக்கக் கம்பெனியுடன் சேர்ந்து எடுத்த 'காடு' என்னும் படம் 1952-இல் வெளிவந்தது. பனியுகத்துச் சடை யானைகள் அதில் வருகின்றன. சடை யானைக்கு எங்கே போவது? நம் ஊர் யானைகளுக்கே உரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டார்கள். யானைகள் பொறுத்துக்கொண்டன, அவற்றுக்கு வேறு வழியும் இல்லை.

காற்றுக்கு அடுத்தபடி, கண். முழுமேனி உடையின் உயிர் கண்ணில் இருக்கிறது. 1977-இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் சூபக்கா என்னும் உரோம மனிதனாக நடித்த பீட்டர் மேஹ்யூ ஏழடிக்கு மேற்பட்டவர். உடல் முழுவதும் கவரிமா உரோமமும் அங்கோரா ஆட்டு உரோமமும் மூடியிருக்க, அவருடையதாக வெளியே தெரிந்தவை கண்கள் மட்டுமே. அந்தக் கண்களால்தான் அவ்வுருவத்தை உலகக் குழந்தைகள் நேசித்தனர். இதற்கு நேர்மாறாக, 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தின் பயங்கர உயிருக்கு, ஸ்விட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகரின் வடிவத்தில், பார்வையாளர் காணக்கூடிய கண்ணே இல்லை. எங்கே பார்க்கிறது, யாரைப் பார்க்கிறது என்று தெரியாததே அச்சத்துக்குக் காரணமாயிற்று. உள்ளே இருந்தவர் போலாஜி படேஜோ என்ற நைஜீரிய நாட்டு மாணவர். கிட்டத்தட்ட ஏழடி உயரம், மெல்லிய தேகம். கண்ணைக் கொடுத்தால் உறவு. கண்ணை எடுத்தால் அச்சம். உடை வடிவமைப்பின் பாதி இலக்கணம் இதில் அடங்கிவிடுகிறது எனலாம்.

இதனை நன்கு உணர்ந்தவர் நமது சத்யஜித் ராய். 1962-இல் வங்காளச் சிறுவர் பத்திரிகையான 'சந்தேஷ்' இதழில் வேற்றுக்கிரகத்தான் ஒருவனைப் பற்றிய சிறுகதை எழுதினார். 1967-இல் 'ஏலியன்' என்ற பெயரிலேயே திரைக்கதை அமைத்து, தம் கையாலேயே உருவங்களும் வரைந்தார். அந்த அயலான் அரக்கன் அல்லன். பெரிய தலையும் குச்சிக் கைகால்களும் ஒட்டிய உடலுமாக, பஞ்சத்தில் அடிபட்ட அகதிக் குழந்தையை ஒத்தவன். வங்காளத்துப் பஞ்சத்தையும் பிரிவினையையும் கண்ட தலைமுறைக்கு, வானத்திலிருந்து வருகிறவனும் பசித்த குழந்தையாகவே தோன்றினான். அப்படம் எடுக்கப்படாமலே போயிற்று என்பது கலையுலகின் இழப்பு.

இந்தியக் குழந்தைகள் மனத்தில் இடம்பெற்ற அயலான் 2003-ஆம் ஆண்டு 'கோயி மில் கயா' என்னும் இந்திப் படத்தில் வந்தான், பெயர் ஜாது. நீலமேனி, பெரிய விழிகள். ஆஸ்திரேலியக் கலைஞர் ஜேம்ஸ் கோல்னர் வடிவமைத்த அவ்வுடையைச் செய்து முடிக்க ஓராண்டு ஆயிற்று என்பர். அதை அணிந்து நடித்தவர் இந்திரவதன் புரோஹித் என்ற குள்ள உருவமுடைய நடிகர். ஜாதுவின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. புரோஹித்தின் பெயரைத் தெரிந்தவர் மிகச் சிலர். 2014-இல் அவர் காலமான செய்தி வந்தபோதுதான், அந்தப் பெரிய விழிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார் என்பது பலருக்கும் எட்டியது.

மூன்றாவது முறை கணிப்பொறியின் முறை. 'அயலான்' படத்தின் டாட்டூ என்னும் உருவம் கணிப்பொறியில் வரையப்பட்டது; குரல் நடிகர் சித்தார்த்துடையது. ரவிகுமார் இயக்கிய அப்படத்தில், பூமியைக் காக்க வருகிறவன் அயலான், கெடுப்பவன் மனிதன். கணிப்பொறி வந்துவிட்டபின் உடைக்காரனுக்கு வேலை இல்லை என்று எண்ணக்கூடாது. எதிரே ஒருவர் நின்றால்தான் கதாநாயகனின் பார்வை சரியான உயரத்தில் பதியும். தோளில் கை போட்டால் தோள் இருக்க வேண்டும். அதனால் இக்காலத்துப் படப்பிடிப்புகளிலும் அயலானின் இடத்தில் ஒரு மனிதனை நிறுத்தி, அவனுடைய அசைவுகளை வழிகாட்டியாகக் கொள்வது வழக்கமாக இருக்கிறது. ரப்பர் போயிற்று, உள்ளே இருந்த மனிதன் போகவில்லை.

பெங்களூரில் இருந்துகொண்டு இப்பொருளை எண்ணும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. இங்கே அயலானுக்கு அல்ல, நமக்கே வேற்றுலக உடை பார்க்கிறார்கள். 1984-இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவைத் தேர்ந்தெடுப்பதற்கான உடற்சோதனைகள் இந்நகரிலுள்ள விமானப்படை மருத்துவ நிலையத்தில் நடந்தன. 2018-ஆம் ஆண்டு இங்கே நடந்த விண்வெளிக் கண்காட்சியில், திருவனந்தபுரத்தில் உருவாக்கிய ஆரஞ்சு நிற விண்வெளி உடையொன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குப் போதுமான உயிர்வளியை அணிந்தவருக்குத் தரும் வகையில் அது அமைந்திருந்தது. அதன் வடிவமைப்பாளர் கேட்ட முதற்கேள்வி என்னவாக இருந்திருக்கும்? உள்ளே இருப்பவர் எப்படி மூச்சு விடுவார் என்பதே. அந்த உடையோடு நாம் வேறொரு கிரகத்தில் இறங்கினால், அங்குள்ள குழந்தைகள் நம்மைப் பார்த்துத்தான் அலறும். அன்று நாமே அயலார்.

நேயர்களே! இவ்வாண்டு பொங்கலுக்கு அதே நாடகத்தை அதே பையனை வைத்து மறுபடியும் நடத்தினோம். அவன் தாய் தயங்கினாள். பாட்டிதான், "முகத்தைத் திறந்து விடு தம்பி, ஆடட்டும்" என்று அனுமதி கொடுத்தார். அட்டைப் பெட்டியை எறிந்துவிட்டு, மூங்கிற் பிளாச்சில் கூடு பின்னி, மேலே வலைத்துணி போர்த்தினோம். ரப்பருக்குப் பதில் பருத்தித் துணி. முகத்தில் நீல வண்ணம் மட்டும். கண்ணும் மூக்கும் வாயும் அவனுடையவையே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரைக்குப் பின்னால் வந்து காற்று வாங்கிப் போகும்படி கதையைச் சற்றுத் திருத்திக்கொண்டோம். கடிகாரத்தோடு காவல் நின்றவர் நாமே.

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. நாடகத்தில் பாட்டியாக நடித்த சிறுமி ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து நீட்டினாள். எந்த மொழியும் பேசாமல் அயலான் அதை வாங்கி அண்ணாந்து குடித்தான். அவன் தொண்டை அசைவது கடைசி வரிசைவரை தெரிந்தது. சபையில் சத்தமில்லை. முன்வரிசையில் இருந்த அவன் பாட்டி நம் பக்கம் திரும்பித் தலையசைத்தார். இம்முறை வாய் வைத்திருந்தோம்.